பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் வந்து வந்து போகும் மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கும் முறை

நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாமல் விட்டுப்போய் (இதுதான் மிஸ்ஃபயர்) எந்நேரமும் மூன்று சிலிண்டரில் ஓடுகிற இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது அரைநாள் வேலைதான். காலையில் பத்து நிமிடம் குலுங்கிவிட்டு, பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடும் வண்டிதான் ஆளைப் படுத்திவிடும். அத்தகைய மிஸ்ஃபயரைப் படிப்படியாகத் தேடிச் செல்லும் முறையை, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை முன்வைத்து, இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட இந்த இரண்டு இருக்கைக் கார், அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்பனையானது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்ததால் இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன; உதிரிப் பாகங்களுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை. முதலில் 1597 சிசி இன்ஜினும், 1993-இல் இருந்து 1839 சிசி இன்ஜினும் வந்தன. இவற்றை வழக்கம்போல் 1.6 என்றும் 1.8 என்றும் குறிப்பிடுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். கோளாறை நினைத்தபோது வரவழைக்கத் தெரியும் வரை எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. தானாக வந்து தானாகப் போகும் பழுதில், எதை மாற்றினாலும் இரண்டு நாளைக்கு வண்டி நன்றாக ஓடத்தான் செய்யும். மாற்றிய பாகத்தால் சரியானதா, அல்லது அந்த இரண்டு நாள் மழை பெய்யாததால் சரியானதா என்று சொல்ல வழியிருக்காது. இந்த வண்டிகளில் புதுக் காயில், புது சென்சார், பெட்ரோல் பீய்ச்சும் புது இன்ஜெக்டர் எல்லாம் வரிசையாக மாட்டிய பிறகும் அதே குலுங்கல் தொடர்வதற்குக் காரணம், பெரும்பாலும், தேடுவதற்கு முன்பே வாங்கியதுதான்.

தீப்பொறி எந்த வழியாகப் போகிறது

இந்த இன்ஜினில், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்தில், பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் இரண்டு காயில்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு இருக்கிறது. ஒரு காயில் 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கும், மற்றொன்று 2, 3 ஆகிய சிலிண்டர்களுக்கும் பொறி கொடுக்கிறது. எரியும் வரிசை 1-3-4-2. ஒரு காயில் இயங்கும்போது அதன் இரண்டு பிளக்குகளிலும் ஒரே நேரத்தில் பொறி பாயும். அவற்றில் ஒரு சிலிண்டரில் கலவை அழுத்தப்பட்டு எரியக் காத்திருக்கும், இன்னொன்றில் புகை வெளியேறிக்கொண்டிருக்கும். புகை வெளியேறும் சிலிண்டரில் பாய்வது வீண் பொறி.

இதில் கவனிக்க வேண்டியது, மின்சாரம் ஒரு பிளக்கின் வழியாக இறங்கி, சிலிண்டர் ஹெட்டைக் கடந்து, மற்றப் பிளக்கின் வழியாக ஏறிக் காயிலுக்குத் திரும்புகிறது என்பதுதான். ஆகவே 1-ஆம் சிலிண்டரின் கேபிள் அறுந்திருந்தால் 4-ஆம் சிலிண்டரும் சேர்ந்து தடுமாறக்கூடும். இரண்டு சிலிண்டர் சேர்ந்து விட்டுப்போகிறது என்பதாலேயே காயில் போய்விட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். அதே சமயம், விட்டுப்போவது 1-உம் 2-உம் என்றால் காயிலைச் சந்தேகிப்பதற்கு இடமே இல்லை.

எப்போது பொறி கொடுக்க வேண்டும் என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, ஹெட்டின் பின்பக்கத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையோடு சுழலும் கேம் ஆங்கிள் சென்சார். கம்ப்யூட்டரின் ஆணையை ஏற்றுக் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது இக்னைட்டர். 1.6 இன்ஜினில் இக்னைட்டர் தனிப் பெட்டியாக இருக்கும், 1.8-இல் அது காயில் தொகுப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது.

முதல் படி: கோளாறு வரும் சூழ்நிலையை எழுதிவைத்தல்

வண்டியில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். ஒவ்வொரு முறை குலுங்கும்போதும், பாதுகாப்பாக ஓரங்கட்டிய பிறகு, இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்றுகள்), ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருந்தீர்கள், ஏற்றமா சமதளமா வளைவா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, முந்தைய நாள் மழையா, வண்டியைக் கழுவினீர்களா, முன்விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு பக்கம் நிரம்பும்போது அந்தக் குறிப்புகளே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் குலுங்குகிறது என்றால், பிளக்கும் பிளக் கேபிளும்தான் முதல் சந்தேகம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டியிருக்கிறது. பலவீனமான கேபிள் அந்த நேரத்தில் பொறியைப் பிளக்கில் விடாமல் பக்கத்து இரும்பில் விட்டுவிடும். மெதுவாக ஓட்டினால் அதே கேபிள் ஒரு குறையும் காட்டாது.

ஈரமான காலையில் மட்டும் வந்து, இன்ஜின் சூடேறியதும் மறைவதும் அதே இனம்தான். மாறாக, அரைமணி நேரம் ஓடிய பிறகோ, சூடான இன்ஜினைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போதோ வருகிறது என்றால், சூடேறினால் தொடர்பு விட்டுப்போகும் மின்னணுப் பாகங்களான இக்னைட்டர், காயில், கேம் ஆங்கிள் சென்சார் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) மட்டும் தடுமாறி, வேகம் பிடித்தால் சரியாகிவிடுவது பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிகிறது என்பதற்கு அடையாளம். உயர்ந்த ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் இழுக்கும்போது மூச்சுத் திணறுவதுபோல் மெல்ல வலுவிழப்பதும், பெட்ரோல் குறைவாக இருக்கையில் வளைவுகளில் விட்டுவிட்டு இழுப்பதும் பெட்ரோல் வரத்தைக் காட்டுகின்றன.

குண்டு குழியில் ஏறி இறங்கும்போது மட்டும் வருகிறதென்றால் கனெக்டரோ எர்த் கம்பியோ தளர்ந்திருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: டேக்கோமீட்டர் முள்ளைப் பார்த்தல்

காசு செலவில்லாத, ஆனால் புதியவர்கள் தவறவிடும் சோதனை இது. இந்தக் காரின் டேக்கோமீட்டருக்கு, அதாவது ஆர்பிஎம் காட்டும் மீட்டருக்கு, சமிக்ஞை பற்றவைப்புச் சுற்றிலிருந்தே போகிறது. எனவே வண்டி குலுங்கும் அந்தக் கணத்தில் முள் என்ன செய்கிறது என்பது பழுதின் இருப்பிடத்தை இரண்டாகப் பிரித்துத் தந்துவிடும்.

வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. அப்போது முள் திடீரென்று பூஜ்யத்தை நோக்கி விழுந்து மறுபடி துள்ளி எழுந்தால், இன்ஜின் உண்மையில் அவ்வளவு வேகமாக நின்றிருக்க முடியாது. சமிக்ஞைதான் அறுந்திருக்கிறது. அப்படியானால் கேம் ஆங்கிள் சென்சார், அதன் கனெக்டர், இக்னைட்டர், பற்றவைப்புக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றுக்குள் தேட வேண்டும். பொதுவாக இந்த வகைக் கோளாறில் நான்கு சிலிண்டரும் ஒருசேர விட்டுப்போகும். வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போலிருக்கும்.

முள் சீராக இருந்து வண்டி மட்டும் தடதடத்தால், சமிக்ஞை ஒழுங்காகப் போகிறது. பொறி பிளக்கை அடையவில்லை, அல்லது பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேரவில்லை. ஓட்டும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து என்பதால், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் மீட்டரைப் படமெடுத்து வீட்டில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: கம்ப்யூட்டர் எதையாவது சேமித்திருக்கிறதா

பானெட்டைத் திறந்தால், மூடியில் டயக்னாசிஸ் என்று எழுதிய சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று தெரியும். அதன் மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு முனையின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். டென் (TEN) என்ற முனையையும் ஜிஎன்டி (GND) என்ற முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் திறந்தால், செக் இன்ஜின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் பத்தாம் இலக்கத்தையும், குறுஞ்சிமிட்டல் ஒன்றாம் இலக்கத்தையும் குறிக்கும். 01 என்றால் இக்னைட்டர் பக்கம். 02, 03 ஆகியவை கேம் ஆங்கிள் சென்சாரின் சமிக்ஞைகள். 08 காற்றளவு மீட்டர். 15 ஆக்சிஜன் சென்சார். சில நாடுகளில் விற்ற வண்டிகளில் இந்த விளக்கே இருக்காது. அவற்றில் அதே பெட்டியில் பி பிளஸ் (B+) முனைக்கும் ஃபென் (FEN) முனைக்கும் இடையே மின்தடை சேர்த்த எல்இடி ஒன்றை இணைத்துப் படிக்கலாம்.

ஆனால் பழுதுக் குறியீடு எதுவும் வரவில்லை என்பதால் பழுதே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு மிஸ்ஃபயரை உணரத் தெரியாது. சென்சார் சமிக்ஞை அறுந்தால் மட்டுமே குறித்துவைக்கும். அமெரிக்காவில் 1996-இல் இருந்து விற்ற வண்டிகளில்தான் ஓபிடி-2 என்ற பழுதறியும் முறை வந்தது; அவற்றில் பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகள் எந்த சிலிண்டர் என்பதையே சொல்லிவிடும். அந்த வண்டிகளில் விளக்கு விடாமல் சிமிட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் முற்றியிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

நான்காம் படி: பிளக்கும் கேபிளும்

நேரத்தை இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும். இந்தக் காரில் வந்து போகும் மிஸ்ஃபயருக்குப் பிளக் கேபிளைப்போல் அடிக்கடி காரணமாவது வேறெதுவும் இல்லை. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய, தேய்ந்துபோகும் பொருள் என்பதை உரிமையாளர்கள் பலர் நினைப்பதில்லை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையையும் சேர்த்துப் பிய்த்துவிடக்கூடும். கழற்றுமுன் ஒவ்வொரு கேபிளிலும் 1, 2, 3, 4 என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது 1. கேபிளின் ரப்பர் உறையைப் பிடித்து, சற்றுத் திருகி, நேர்மேலே இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருக்கும் கார்பன் இழை அறுந்து, இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஆயில் தேங்கியிருந்தால் கேம் கவர் கேஸ்கட் கசிகிறது; ஆயிலில் ஊறிய ரப்பர் உறை உப்பிப்போய் காப்புத் தன்மையை இழந்துவிடும். தண்ணீர் தேங்கியிருந்தால், அண்மையில் யாரோ இன்ஜினை நீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். எதுவானாலும் பிளக்கைக் கழற்றுமுன் துடைத்தெடுத்து, அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு சிலிண்டருக்குள் விழும்.

16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட்டால் கழற்றிய நான்கு பிளக்குகளையும் அதே வரிசையில் ஒரு வெள்ளைத் துணிமேல் அடுக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பலரும் எலெக்ட்ரோடின், அதாவது பொறி பாயும் உலோக முனையின், நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது மேலே உள்ள வெள்ளைப் பீங்கான் பகுதி. அதில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு மெல்லிய கீற்று இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத அந்தக் கீற்றுதான், பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறத்தில் ஓடி இறங்கியதன் தடம். அதே தடத்தின் மறுபாதி ரப்பர் உறையின் உட்சுவரில் படிந்திருக்கும். ஆகவே புதுப் பிளக்கைப் பழைய உறையில் மாட்டினால், பழைய தடமே புதுப் பீங்கானிலும் கோடு போட்டுவிடும். கீற்று கண்ட சிலிண்டரில் பிளக்கையும் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எலெக்ட்ரோடைப் படிப்பதிலும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு பிளக் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் அந்த சிலிண்டரில் பொறி சரியாக வருவதில்லை என்று கொள்ளலாம். நான்குமே கறுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று முடிவுசெய்து காற்றளவு மீட்டரைக் குறைசொல்லத் தோன்றும். பொறுங்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. பற்றவைப்பில் உள்ள பழுது, பெட்ரோல் பழுதாக வேடம் போடுவது இப்படித்தான்.

பிளக்கின் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றுவிட்ட இடைவெளி, நல்ல கேபிளையும் கூடுதல் வோல்ட்டுக்கு ஆளாக்கிக் கெடுத்துவிடும். என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்5இ-11, பிகேஆர்6இ-11 ஆகிய சாதாரண பிளக்குகளே இந்த இன்ஜினுக்குப் போதும். விலை உயர்ந்த பிளக்கால் இந்தப் பழுது தீராது. மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்கினால் சரியாக இருக்கும்.

அடுத்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு கேபிளையும் அளக்க வேண்டும். நான்கும் வெவ்வேறு நீளம் என்பதால் நீளத்துக்கேற்ப மின்தடை மாறும். நீளத்தோடு பொருந்தாமல் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, கேபிளை வளைக்கும்போது எண் தாவினாலோ அதுதான் குற்றவாளி. எண் சரியாக இருந்தால் கேபிள் நல்லது என்று மட்டும் முடிவுசெய்துவிடாதீர்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. கேபிளோ பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்க வேண்டும். காப்புறை விரிசலை ஓம் கணக்கு ஒருபோதும் காட்டாது.

அந்த விரிசலைக் கண்ணால் பார்க்க, இருட்டிய பிறகு, காற்றோட்டமுள்ள திறந்தவெளியில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானால் கேபிள்கள் மேலும் காயில் மேலும் தண்ணீரை மென்பனியாகத் தெளியுங்கள். காப்புறை ஓட்டையான இடத்தில் நீலநிறப் பொறி துள்ளுவதும், சடக் சடக்கென்ற ஒலியோடு இன்ஜின் தடுமாறுவதும் அப்போதே தெரிந்துவிடும். ஓடும் இன்ஜினில் கேபிளைக் கையால் தொடக் கூடாது. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் இந்தச் சோதனையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேபிளின் வயது தெரியாத வண்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், இந்தச் சோதனைகள் முடிந்ததும் நான்கு கேபிளையும் நான்கு பிளக்கையும் மாற்றிவிடுங்கள் என்பேன். மேலே சொன்ன கட்டுப்பாட்டுக்கு நான் தரும் ஒரே விலக்கு இதுதான். பழையவற்றை எறிந்துவிடாமல் எண்ணிட்டு வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்தாம் படி: எந்த சிலிண்டர் என்று உறுதிசெய்தல்

குலுங்கல் நடந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்தால்தான் பயன். ஐடிலில் தடுமாறும் வண்டியில், இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் ஆர்பிஎம் சட்டென்று இறங்கும்; கழற்றியும் மாற்றமே இல்லையென்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பழைய வழக்கப்படி பிளக் கேபிளைக் கழற்றிப் பார்ப்பதை இந்தக் காரில் தவிர்க்க வேண்டும். பொறிக்குப் போக்கிடம் இல்லாமல் காயிலுக்கும் இக்னைட்டருக்கும் கேடு, எரியாத பெட்ரோலால் கன்வெர்ட்டருக்கும் கேடு, உங்கள் கைக்கு மின்னதிர்ச்சி.

குளிர்ந்த நிலையில் கிளப்பியவுடன் தடுமாறும் வண்டியாக இருந்தால், அகச்சிவப்பு வெப்பமானியால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளைகளையும் அளப்பது இன்னும் எளிது. எரியாத சிலிண்டரின் கிளை முதல் ஓரிரு நிமிடங்களில் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும்.

சிலிண்டர் எது என்று தெரிந்ததும் அதன் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். பழுது பிளக்கோடு இடம்பெயர்ந்தால் பிளக். பெயராமல் அங்கேயே நின்றால் வேறெதுவோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்.

ஆறாம் படி: காயில், இக்னைட்டர், கேம் ஆங்கிள் சென்சார்

1-உம் 4-உம் சேர்ந்தோ, 2-உம் 3-உம் சேர்ந்தோ விட்டுப்போய், கேபிளும் பிளக்கும் நல்லவை என்று தெரிந்த பிறகே காயிலுக்கு வர வேண்டும். 1.6 இன்ஜினின் காயிலில் முதன்மைச் சுற்றின் மின்தடை ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாம் சுற்றின் மின்தடை பத்தாயிரம் ஓமுக்கு மேலும் இருப்பது இயல்பு. எண்ணைக் காட்டிலும் முக்கியமானது இரண்டு காயில்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது. குளிர்ந்திருக்கையில் ஒருமுறையும், ஓடிச் சூடேறியதும் ஒருமுறையும் அளந்து ஒப்பிடுங்கள்.

சூட்டில் மட்டும் வரும் பழுதை வீட்டிலேயே வரவழைக்க முடியும். ஐடிலில் ஓடும் இன்ஜினில் இக்னைட்டர் மேலோ சென்சார் மேலோ தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் சிறிது நேரம் சூடு காட்டுங்கள். இன்ஜின் தடுமாறத் தொடங்கினால், எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் குளிர்விப்பு ஸ்ப்ரேயை அதே பாகத்தின் மேல் அடியுங்கள். உடனே சீரானால் விடை கிடைத்துவிட்டது.

அதிர்வில் வரும் பழுதுக்கு, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு கனெக்டரையும் வயரையும் மெல்ல அசைத்துப் பார்ப்பதே சோதனை. கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரில் தொடங்குங்கள். அந்த சென்சாரின் ஓ-ரிங் பழசாகி ஆயில் கசிவது இந்த இன்ஜினில் சாதாரணம். ஓ-ரிங்கை மாற்ற சென்சாரைக் கழற்ற வேண்டியிருந்தால், அது இருக்கும் நிலையை முதலில் ஹெட்டிலும் சென்சாரிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது சற்றுத் திரும்பினாலும் பற்றவைப்பு நேரம் மாறிவிடும். மாட்டிய பிறகு, டென் முனையை ஜிஎன்டியோடு இணைத்து, பொறி பாயும்போது மின்னும் டைமிங் லைட்டால் பார்த்து, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 10 பாகை முன்பாகப் பொறி வரும்படி சரிசெய்ய வேண்டும். இந்த வேலையின்போது ஐடில் 850 ஆர்பிஎம் அளவில் இருக்க வேண்டும்.

எர்த்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். இந்தக் காரில் பேட்டரி பின்புற டிக்கியில் இருப்பதால் மின்சாரம் உடல்தகட்டின் வழியாக நெடுந்தூரம் திரும்ப வேண்டியிருக்கிறது. முன்விளக்கையும் விசிறியையும் போட்டு, இன்ஜின் ஓடும்போது, இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் அளந்தால், ஒரு வோல்ட்டில் சில பத்தில் பங்குக்கு மேல் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள்.

ஏழாம் படி: காற்றும் பெட்ரோலும்

1.6 வண்டிகளில் காற்றளவு மீட்டருக்குள் காற்று தள்ளத் தள்ளத் திறக்கும் தகடு ஒன்று இருக்கிறது. அந்த மீட்டருக்கும், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயின் மடிப்புகளில் விரிசல் விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்துவிடும். குழாயை இரண்டு கையாலும் வளைத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் குழாய், இன்ஜின் இழுவையில் சாயும்போது மட்டும் வாய்பிளப்பதுண்டு. கியர் மாற்றும்போது ஒரு குலுக்கு என்று நோட்டில் எழுதியிருந்தீர்களானால் இதை மறக்காதீர்கள். அதே மீட்டரில் பெட்ரோல் பம்ப்புக்கான சுவிட்சும் இருப்பதால், தகடு சிக்கி மூடிக்கொண்டால் பம்ப்பே நின்றுவிடும். 1994 மாடல் முதல் வந்த 1.8-இல் தகடுக்குப் பதில் சூடான கம்பி வகை மீட்டர் உண்டு. அதற்குரிய ஸ்ப்ரேயால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுக்கும் பிசிவி ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட் ஆகியவையும் காற்று கசியும் இடங்கள். கார்ப்ரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவைத் தேடும் வழக்கம் உண்டு என்றாலும், கேபிள் பொறி சிந்தும் வண்டியில் அது தீயை அழைப்பதற்குச் சமம். நான்காம் படி முடியாமல் அதைத் தொடவே கூடாது.

பெட்ரோல் பக்கத்தில் முதலில் ஃபில்டர். காருக்கு அடியில் பின்பக்கமாக ஒளிந்திருப்பதால் பல ஆண்டுகள் மாற்றப்படாமலே இருந்திருக்கும். அழுத்தமானி கிடைத்தால், டயக்னாசிஸ் பெட்டியில் எஃப்/பி (F/P) முனையை ஜிஎன்டியோடு இணைத்து இக்னிஷனைத் திறந்தாலே பம்ப் ஓடும். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் கழன்றிருக்கும் நிலையில் அழுத்தம் சுமார் 3 பார் இருக்க வேண்டும். இன்ஜெக்டர்களின் மின்தடை 12 முதல் 16 ஓமுக்குள் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: இன்ஜினின் உள்ளுறுப்புகள்

இதுவரை எதுவும் சிக்காவிட்டால் கம்ப்ரஷனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தை, பாருங்கள். சூடான இன்ஜினில், நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். நான்கு எண்களும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் போதும்; ஒன்று மட்டும் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் அது வால்வு, ரிங், கேஸ்கட் சம்பந்தப்பட்டது. அப்படிப்பட்ட பழுது பொதுவாக வந்து வந்து போகாது என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

1990, 1991 ஆண்டுகளின் தொடக்ககால 1.6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அந்த இன்ஜின்களின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால், புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். சென்சார் கேம்ஷாஃப்ட்டில் இருப்பதால், கிராங்க் நிலைக்கும் பொறிக்கும் இடையே உள்ள பொருத்தம் தானாக நழுவும். வண்டி வலுவிழந்து குலுங்கும். டைமிங் லைட் அடிக்கும்போது குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால், இன்ஜினைச் சுழலவிட்டு முன்புல்லி நெளிகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்புல்லியின் தகட்டில் நான்கு பிளவுகள் இருந்தால் அது பெரும்பாலும் குட்டை முனை இன்ஜின்.

கடைசிப் படி: சரியானதா என்று சோதித்தல்

நோட்டில் எழுதிய அதே சாலை, அதே கியர், அதே ஆர்பிஎம், முடிந்தால் அதே ஈரம் அல்லது அதே சூடு. அதில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். கோளாறு வரவில்லை என்றால், பத்திரமாக வைத்திருந்த பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி ஓட்டுங்கள். இது வீண்வேலை என்று தோன்றும். பழைய பாகத்தோடு குலுங்கலும் திரும்பி வந்தால், புதியதை நிரந்தரமாக மாட்டி வேலையை முடித்துக்கொள்ளலாம். பழைய பாகத்தை மாட்டியும் குலுங்கல் வரவில்லை என்றால், வண்டியைச் சரிசெய்தது புதுப் பாகம் அல்ல, அதை மாட்டுவதற்காகக் கனெக்டரைக் கழற்றி அழுத்தி மாட்டிய உங்கள் கைதான். அந்தக் கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா, பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, சுத்தம் செய்து, மறுபடி முதல் படியிலிருந்து நோட்டைத் திறவுங்கள்.